சர்க்கரை நோய் தொற்றுமா?

போன மாதம் சர்க்கரை நோய் பற்றிய துண்டறிக்கை ஒன்றைப் பிழைதிருத்தக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோயின் தொற்றுநோயியல்' என்று ஒரு தலைப்பு. மேசையில் கிடந்ததை அம்மா எடுத்துப் பார்த்தார். பதினைந்து வருடமாக மாத்திரை போடுகிறவர். "ஏண்டா, சக்கரை ஒட்டுவாரொட்டியா? இத்தனை நாளா எந்த டாக்டரும் சொல்லலையே" என்றார்.

ஒரு நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று மக்களிடையே கணக்கெடுத்துப் பார்க்கும் துறை எபிடெமியாலஜி. அதைத்தான் இப்படி எழுதிவிட்டார்கள். இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன். அம்மாவையே குழப்பிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பு எளிதுதான். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'டெமோஸ்' மக்கள், டெமாக்ரசியில் இருக்கும் அதே டெமோஸ், 'லோகோஸ்' ஆய்வு. மக்கள்மேல் வந்து கவிவதைப் பற்றிய படிப்பு. அதில் கிருமி இல்லை, தொற்று இல்லை, நோய் என்ற சொல்கூட இல்லை. மக்கள்தான் இருக்கிறார்கள்.

நம் 'தொற்று' அப்படியல்ல. புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் படியில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறோமே, அந்தத் தொற்றுதான். ஒருவரை விட்டு இன்னொருவரைப் பற்றிக்கொள்வது. அம்மை தொற்றும், காசநோய் தொற்றும். சர்க்கரை எப்படித் தொற்றும்?

'இந்தத் துறையே காலராவில் பிறந்ததுதானே, அதனால் இந்தப் பெயர்' என்று ஒரு நண்பர் வாதாடினார். சரி, அந்தக் காலராவையே பார்ப்போம். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்தது என்ன? செத்தவர்கள் எந்தெந்த வீடு என்று வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருக் குழாயைச் சுற்றித்தான் சாவு குவிந்திருந்தது. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்களுக்கோ அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குள்ளேயே தனிக் கிணறும் இருந்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன்? மூன்றே கேள்விகள். ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்ட இன்னும் முப்பது வருடம் இருந்தது. கிருமியைத் தெரிந்துகொள்ளாமலே ஸ்னோ தண்ணீரைக் குற்றவாளியாக்கிவிட்டார்.

அதே கேள்விகளைத்தான் 1950-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயிடம் கேட்டார்கள். சிகரெட் மாட்டிக்கொண்டது. நம்மூரிலும் உதாரணம் இருக்கிறது. தருமபுரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் ஏராளம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுப்பது அசல் எபிடெமியாலஜி. அந்தக் கறை யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொற்றுநோய்களுக்கே வைத்தியம் பார்க்கும் தனி மருத்துவப் பிரிவு ஒன்று இருக்கிறது. 'தொற்றுநோயியல்' நியாயமாக அவர்கள் சொத்து. அதைத் தூக்கி இங்கே கொடுத்துவிட்டால் அவர்களுக்கு எதைக் கொடுப்பது? கொரோனா சமயத்தில் கிருமியை ஆராய்கிறவர், வார்டில் நோயாளியைப் பார்க்கிறவர், கணக்குப் போடுகிறவர் மூவருக்கும் தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் 'தொற்றுநோயியல் நிபுணர்' என்ற ஒரே பட்டம்தான் ஓடியது. ஆளைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் ஆகாது. மொழிபெயர்க்கிறவர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு உரியவர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார் என்று பார்ப்பதில்லை. எபிடெமியாலஜிக்காரர் ஸ்டெதாஸ்கோப்பைவிட அட்டவணையோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறவர்.

'கொள்ளைநோயியல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இதிலே தொற்று இல்லை, கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போவது இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் கொள்ளைநோய் என்றதும் பிளேக்கும் காலராவும்தான் நினைவுக்கு வரும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோயையும் இந்தத் துறை எண்ணுகிறதே.

எனக்குப் பிடித்தது நோய்ப்பரவலியல். 'பரவல் என்றாலும் தொற்றித்தானே பரவும்' என்று அதே நண்பர் மடக்கினார். இல்லை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் நிகழ்தகவுப் பரவல், இயல்நிலைப் பரவல் என்று இருக்கும். அங்கே பரவல் என்பது எது எங்கே எவ்வளவு விரவிக் கிடக்கிறது என்பது. அதே பொருள் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. பழகினால் சொல் தன் வேலையைச் செய்யும். தொல்காப்பியத்தின் மரபியல் இன்று மரபணுப் படிப்புக்குப் பெயராகவில்லையா?

துண்டறிக்கைக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்தால் பொதுமக்கள் படிப்பதில் எந்த 'இயலும்' வேண்டாம். தலைப்பை அடித்துவிட்டு 'சர்க்கரை நோய் யார் யாருக்கு வருகிறது?' என்று எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தது. தலைப்பு என்னுடையதுதான். அதற்குக் கீழே முதல் வரி: 'தொற்றுநோயியல் நிபுணர்களின் கருத்துப்படி...'