ஆவரசம்பூத் தேத்தண்ணி: குடிக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடற்கரை மணலிலும் வரண்ட பற்றைக்காட்டிலும் யாரும் நடாமலே வளரும் செடி ஆவரசு. பொத்துவில், பாணமைப் பக்கம் போகிறவர்கள் வீதியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஆவாரை என்பதும் இதுதான், சிங்களத்தில் ரணவரா. சீனி வருத்தத்துக்கும் உடற்சூட்டுக்கும் அதன் பூவை அவித்துக் குடிப்பது இரு சமூகத்திலும் பழைய வழக்கம். அளவோடு குடித்தால் நல்ல பானம்தான். பிழைப்பது மூன்று இடத்தில்: செடி மாறுவது, அளவு கூடுவது, கிளினிக் குளிசையோடு சேர்வது.

முதலில் செடி. மஞ்சள் பூவெல்லாம் ஆவரசு அல்ல. ஆவரசு ஆள் உயரம் அல்லது அதற்குச் சற்று மேலே வளரும் பற்றை. ஒரு ஈர்க்கில் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள், நுனி மழுங்கியிருக்கும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவில் குத்திட்டு நிற்கும் சிறு சுரப்பி ஒன்று உண்டு. ஈர்க்கு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல அகன்ற இலைச்செதில் இருக்கும். இந்தக் காதைப் பார்த்துவிட்டால் தவறு வராது. காய் தட்டையாக, கடதாசி போல மெல்லியதாக இருக்கும்.

பொன்னாவரைக்கு நாலைந்து சோடி இலைதான், அதுவும் நுனி கூரானது, கசக்கினால் கெட்ட மணம். அதன் விதையைத் தின்ற சிறுபிள்ளைகள் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உயிரிழந்திருக்கிறார்கள். தகரைக்கு மூன்று சோடி. கிலுகிலுப்பைப் பூ அவரைப்பூ வடிவில் இருக்கும், காய் உப்பிக் குலுங்கும். அது ஈரலுக்கு நஞ்சு. எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது மஞ்சள் அலரி. இதயத்தை நிறுத்தும் நஞ்சு அது. பூ புனல் போல இருக்கும், தண்டை ஒடித்தால் பால் வடியும். ஆவரசில் பால் இல்லை. ஆகவே பறிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதையாவது சொல்லி அனுப்புங்கள்: ஒடித்துப் பார், பால் வந்தால் தொடாதே.

பிரதான வீதியோரத்திலும் வயல் வரம்பிலும் பறிக்க வேண்டாம். படுவான்கரை வயல்களில் களைநாசினி அடிக்கும் நாட்களில் வரம்புச் செடிக்கும் அது படும். கழுவினால் முழுவதும் போகாது.

பனி உலர்ந்த பிறகு, அன்று விரிந்த பூவைப் பறியுங்கள். சுளகில் போட்டுத் தட்டினால் எறும்பும் பூச்சியும் விழுந்துவிடும். காம்பு, இலை, பிஞ்சுக்காய் எல்லாவற்றையும் நீக்குங்கள். நாம் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவாரையும் ஆவரசும் ஒரே இனம். இலை சேர்ந்தால் சிலருக்கு வயிற்றாலே போவது அதனால்தான். கடையில் ரணவரா என்று வாங்கும் பைக்கற்றுகளிலும் இலை, தண்டு கலந்தவை உண்டு, பிரித்துப் பாருங்கள்.

அலசி நீரை வடித்து, பன்பாயிலோ துணியிலோ பூ ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் மூன்று முதல் ஐந்து நாள் காய வையுங்கள். கச்சான் வீசும் மாதங்கள் இதற்கு மிகத் தோதானவை. நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து மணம் போய்விடும். மாரியில் காய வைக்கவே வேண்டாம், உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். கையால் நொறுக்கினால் தூளாக வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. அரைக் கிலோ பூவுக்கு நூறு கிராம் அளவுதான் மிஞ்சும். கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, திகதி எழுதி வையுங்கள். நம் கடற்காற்றில் ஆறு மாதத்துக்கு மேல் நல்லபடி இருக்காது. ஊத்தை மணமோ சாம்பல் நிறப் படலமோ கண்டால் முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள், மேலே உள்ளதை மட்டும் எடுத்தெறிவது போதாது.

ஒரு கோப்பைக்கு 200 மில்லிலீற்றர் தண்ணீர், நொறுக்கிய காய்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி. பச்சைப் பூ என்றால் ஐந்தாறு. தண்ணீர் கொதித்ததும் பூவைப் போட்டு, சிறு நெருப்பில் மூன்று நிமிடம், பிறகு இறக்கி மூடி ஐந்து நிமிடம். வடித்தால் வெளிர் பொன்னிறமாக வரும். பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறி நாக்கைப் பிடிக்கும். எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைக்கும் கசாயம் வேறு. அது மருந்து, வைத்தியர் அளவு சொல்லாமல் குடிக்கக்கூடாது. கசக்கிறது என்று பனங்கட்டி கடிப்பவர்கள் கவனியுங்கள்: பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றும்.

இரும்புச் சட்டியில் காய்ச்சினால் இந்தத் தேத்தண்ணி கறுத்துவிடும். ஆவரசின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் கறுப்பு அது. (அதன் பட்டையால் தோல் பதனிட்டதும் இதே துவர்ப்பை நம்பித்தான்.) வயிற்றிலும் அது இரும்பைப் பற்றிக்கொள்ளும். ஆகவே இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் இரண்டு மணித்தியால இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பதே சரி.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை நம்பி வருடக்கணக்காக நாளுக்கு மூன்று நான்கு கோப்பை குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டு மூலிகைகளில் ஈரலைத் தாக்கும் பைரோலிசிடின் அல்கலோயிட்டுகள் ஆவரசிலும் இருப்பதைக் கண்டார்கள். உணவில் அதைக் கலந்து கொடுத்த எலிகளின் ஈரலில் சிதைவும் காணப்பட்டது. எலிக்குக் கொடுத்த அளவும் நாம் குடிக்கும் அளவும் ஒன்றல்ல. ஆனாலும் நாள்தோறும் விடாமல் குடிப்பதற்கு அது அனுமதி தரவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள், நாளுக்கு ஒரு கோப்பை, இதற்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. ஈரல் வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் ஒரு கோப்பைகூடத் தாமாகத் தொடங்கக்கூடாது.

மெற்போமின், கிளிக்கிளசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இன்னொரு கேடு: மருந்தும் பூவும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். பசி, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து வைத்தியசாலைக்குப் போங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வலிப்புக்குக் கார்பமசெப்பின் எடுப்பவர்களும் ஆவரசை விட்டுவிடுங்கள். அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் கூடுவதை விலங்கு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

பூவைத் தொடங்கிவிட்டுக் குளிசையைத் தாமே நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அடுத்த கிளினிக் நாளில் ‘ஆவரசம்பூ குடிக்கிறேன், வாரத்தில் இத்தனை நாள், இத்தனை கோப்பை’ என்று டொக்டரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று மறைக்காதீர்கள். சீனி குறைந்திருப்பதைக் கண்டால் குளிசையின் அளவை அவரே மாற்றுவார். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடும் நிறமாகப் போனாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். குடித்த பூவில் ஒரு பிடியையும் கையோடு கொண்டுபோங்கள்.