பிழைதிருத்தக் குறியாக்கம்: செயற்கைக்கோள் இணைப்பில் வரவும் செலவும்

செயற்கைக்கோள் இணைப்புகளின் திறன் (பவர்) கணக்கைச் சரிபார்ப்பது என் அன்றாடப் பணி. அந்தத் தாள்களில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: பிழைதிருத்தக் குறியாக்கம் (வழியில் ஏற்படும் பிழைகளைப் பெறுமிடத்தில் திருத்துவதற்காகத் தரவோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் முறை) தரும் டெசிபல் ஆதாயம் வரவில் ஏறிவிடுகிறது, அதற்கு ஈடாக இணைப்பு இழப்பது எங்கும் பதிவாவதில்லை.

ஆதாயம் பெரியதுதான். குறியாக்கமே இல்லாத க்யூபிஎஸ்கே (ஒரு குறியில், அதாவது ஒருமுறை அனுப்பும் அலைவடிவில், இரண்டு பிட்டுகளைச் சுமக்கும் முறை) இணைப்பில் லட்சம் பிட்டுகளுக்கு ஒரு பிழை என்ற நிலையை எட்ட, ஒரு பிட்டின் ஆற்றலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் சுமார் 9.6 டெசிபல் இருக்க வேண்டும். வாயேஜர் விண்கலங்களில் பயன்பட்ட பாதி விகிதக் கன்வல்யூஷன் குறியீட்டை (அடுத்தடுத்த தரவு பிட்டுகளைக் கலந்து அனுப்பும் வகை) விட்டர்பி முறையில் (மிகவும் பொருந்தும் பிட் வரிசையைத் தேடும் முறை) விடுவித்தால் அந்தத் தேவை ஏறக்குறைய 5 டெசிபல் குறைகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்குத் திறனே போதும். ஆனால் பாதி விகிதம் என்றால் ஒவ்வொரு தரவு பிட்டுக்கும் ஒரு காப்பு பிட் சேர்கிறது, எனவே அதே தரவு வேகத்துக்கு அலைவரிசை அகலம் இரு மடங்கு தேவைப்படுகிறது. திறன் குறைந்து, அகலம் மிஞ்சிக் கிடக்கும் இணைப்புக்கு இது நல்ல பேரம். அகலத்துக்கு வாடகை கட்டும் இணைப்புக்கு அப்படியல்ல.

இங்கே ஒரு கணக்குப் பிழையும் அடிக்கடி நுழைகிறது. டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தில் க்யூபிஎஸ்கே 1/2 விகிதத்துக்கு, குறி ஒன்றின் ஆற்றலை வைத்துப் பார்த்தால், சுமார் 1 டெசிபலும் 3/4 விகிதத்துக்குச் சுமார் 4 டெசிபலும் தேவை. இந்த 3 டெசிபல் வேறுபாட்டை 1/2 விகிதத்துக்கு மாறுவதன் முழு ஆதாயமாக எழுதிவிடுகிறார்கள். 3/4 விகிதம் அதே குறிகளில் ஒன்றரை மடங்கு தரவைச் சுமப்பதால், தரவு பிட் அளவில் பார்த்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 1.3 டெசிபல்தான்.

அடுத்தது தாமதம். அதே தரத்தின் நீண்ட சட்டகம் (ஒன்றாகக் குறியாக்கப்படும் பிட் தொகுதி) 64,800 பிட்டுகள் கொண்டது. பாதி விகிதத்தில் அதனுள் சுமார் 32,000 தரவு பிட்டுகள் அடங்கும். நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள இணைப்பில் ஒரு சட்டகம் நிரம்பவே மூன்று நொடிக்கு மேல் ஆகும், புவிநிலைச் செயற்கைக்கோளின் ஒரு வழிப் பயணமோ கால் நொடிதான். குறுகிய சட்டகம் காத்திருப்பைக் குறைக்கும், ஆனால் ஆதாயத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, கணக்குத் தாளில் இடமே பெறாத ஒன்றை. குறியீட்டு விகிதம் குறையக் குறைய ஒவ்வொரு குறிக்கும் கிடைக்கும் ஆற்றலும் குறைகிறது. குறிவிடுப்பி (பிழைகளைத் திருத்தும் பகுதி) அதைச் சமாளித்தாலும், அதற்கு முன்னால் இருக்கும் டிமாடுலேட்டர் (அலையிலிருந்து குறிகளைப் பிரித்தெடுக்கும் பகுதி), தரவைத் தாங்கி வரும் சுமப்பலையைப் பிடித்து வைத்திருந்தாக வேண்டும். ஒருமுறை மழையைத் தாங்குவதற்காகக் குறைந்த வேக இணைப்பு ஒன்றை வலுவான குறியீட்டுக்கு மாற்றினோம். ஆய்வகத்தில் வெறும் இரைச்சலைச் சேர்த்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. களத்திலோ, குறியீட்டின் எல்லை வருவதற்கு வெகு முன்பே மோடம் பிடியை இழந்தது. ஆண்டெனாவில் குறிகையைப் பெருக்கி அலைவரிசையை மாற்றும் கருவியான எல்என்பியின் அலையாக்கியிலிருந்து வரும் கட்ட இரைச்சலை (அலையின் கட்டம் தாறுமாறாக நடுங்குவதை) சோதனையில் சேர்க்காததே காரணம். குறி வேகம் குறைவாக இருக்கும்போது அதன் பாதிப்பு கூடும். பெறுமிடத்துக்கு முன்பே தெரிந்த பைலட் குறிகளை இயக்கிய பிறகு இணைப்பு நிலைத்தது, அதற்காக அகலத்தில் சுமார் 2.4 சதவீதம் போனது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய குறியீடுகள் படிப்படியாகச் சீர்கெடும், ஆனால் டர்போ, எல்டிபிசி ஆகிய புதிய குறியீடுகள் ஒரு டெசிபலின் சில பத்தில் பங்குக்குள் நல்ல நிலையிலிருந்து முழு முறிவுக்கு விழும். பிழை விகிதம் பூஜ்யமாக இருப்பதை வைத்து இணைப்பு நலமாக உள்ளது என்று சொல்ல முடியாது. குறிகை-இரைச்சல் விகிதத்தையும், குறிவிடுப்பி எத்தனை சுழற்சிகளில் விடை காண்கிறது என்பதையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

இணைப்பின் நிலைக்கேற்பக் குறியீட்டைத் தானாக மாற்றிக்கொள்ளும் முறை இவற்றில் சிலவற்றைத் தீர்க்கும். மழையின் தாக்கம் பெரும்பாலும் நொடிக்கணக்கில்தான் மாறுவதால், பெறுமிடத்தில் எடுத்த குறிகை அளவீடு திரும்பி வர ஆகும் அரை நொடி அங்கே பெரிய தடையல்ல. ஓடும் வாகனத்தின் ஆண்டெனாவை மரமும் கட்டடமும் கணநேரம் மறைக்கும்போது அந்த அளவீடு வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். அப்போது பிட்டுகளை நீண்ட நேரத்துக்குப் பரப்பி அனுப்புவதே உதவும், அதற்கு மறுபடியும் தாமதத்தைத்தான் கொடுத்தாக வேண்டும்.