காட்டுக் கத்திக்கு எவ்வளவு கடினம் போதும்?

ஸ்வீடனில் மேற்படிப்புப் படிக்கும் வாசகர் ஒருவர் வார இறுதிகளில் நண்பர்களோடு காட்டில் கூடாரமடித்துத் தங்குகிறாராம். மடக்காத கத்தி ஒன்று வாங்க வேண்டும். கடையில் பார்த்த ஒன்றில் கடினம் 58 என்றும் இன்னொன்றில் 64 என்றும் போட்டிருக்கிறது. கூடுதல் எண் உள்ளதையே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அந்த எண் ராக்வெல் 'சி' அளவு. ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இரு அமெரிக்கர்களுக்கு 1919இல் காப்புரிமை கிடைத்த சோதனையிலிருந்து வந்தது. வைரக் கூம்பு ஒன்றை 10 கிலோ எடையில் எஃகின்மேல் ஊன்றி, பிறகு 150 கிலோவரை ஏற்றி, மறுபடி 10க்கு இறக்கிவிட்டு, பள்ளம் எவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்று அளப்பார்கள். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூறிலிருந்து ஒன்று குறையும். அப்படியானால் வாசகர் பார்த்த இரண்டு கத்திகளுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.012 மில்லிமீட்டர் பள்ளம்தான். அந்தத் துளி வித்தியாசம் காட்டில் ஏன் பெரிதாகிறது என்பதற்கு எஃகுக்குள் போக வேண்டும்.

எஃகு என்றால் இரும்பும் கொஞ்சம் கார்பனும். இது பள்ளிப் பாடம். சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் கனசதுர மூலைகளில் எட்டும் நடுவில் ஒன்றுமாக அமர்ந்திருக்கும். கார்பன் நுழைய அங்கே ஏறக்குறைய இடமே இல்லை. 727 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேற்றினால் அணுக்கள் இடம் மாறி, கனசதுரத்தின் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் வந்து உட்காரத் தொடங்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்த முரண் இதுதான்: புதிய அடுக்கு முன்னதைவிட நெருக்கமானது, ஆனால் அதிலுள்ள இடைவெளிகள் முன்னதைவிடப் பெரியவை. பழைய அடுக்கில் இடம் பல சிறு சந்துகளாகச் சிதறிக் கிடந்தது. இதில் குறைவான, ஆனால் விசாலமான பொந்துகளாகச் சேர்ந்துவிட்டது. அவற்றுக்குள் கார்பன் தாராளமாக நுழைந்துகொள்ளும்.

மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வந்த வழியே வெளியேறி, தனி அடுக்குகளாகப் படிந்துவிடும். எஃகு மிருதுவாகவே இருக்கும். செக்கச் சிவந்த அலகைச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் கதையே வேறு. இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பத் துடிக்கிறது. கார்பனோ, கதவு சாத்திய பஸ்ஸில் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்ட பயணிபோல உள்ளேயே நிற்கிறது. அதன் நெருக்கலில் கனசதுரம் ஒரு பக்கமாக இழுபட்டு நெட்டையான பெட்டியாகிறது. அணுக்கள் ஒவ்வொன்றாக நடந்துபோய் இடம் மாறுவதில்லை. வரிசை வரிசையாக ஒரேயடியாகச் சாய்கின்றன. அந்தச் சாய்வு எஃகுக்குள் ஒலியின் வேகத்தை நெருங்கிப் பாயக்கூடியது. இப்படி உருவாவது மார்ட்டன்சைட்; ஜெர்மன் உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயர். உலோகம் வளைவது அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான். கோணிப்போன இந்தப் பெட்டிகளில் வழுக்க வழியில்லை. கடினம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த மாற்றத்தில் எஃகு சற்றுப் பருக்கவும் செய்கிறது. ஜப்பானிய வாளின் முதுகில் களிமண்ணைத் தடித்துப் பூசித் தோய்ப்பார்கள். வாய்ப்பக்கம் வேகமாக ஆறி மார்ட்டன்சைட் ஆகிப் பருக்கும். முதுகு மெதுவாக ஆறும். அந்த வாளின் அழகிய வளைவில் பெரும்பங்கு தோய்க்கும் தொட்டிக்குள் நேர்வது.

12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோபிலஸ், பெரணி தின்ற ஆட்டின் சிறுநீரையோ செம்பட்டைத் தலைச் சிறுவனின் சிறுநீரையோ எஃகைத் தோய்ப்பதற்குப் பரிந்துரைத்தார். சிரிக்க வேண்டாம். சூடான எஃகைச் சுற்றி உருவாகும் நீராவிப் போர்வையைச் சிறுநீரிலுள்ள உப்பு உடைத்துவிடும்; அலகு வேகமாக ஆறும். பலன் உப்பினுடையது. ஆட்டுக்கும் முடியின் நிறத்துக்கும் அதில் பங்கில்லை. இன்றும் 'பரம்பரை ரகசியக் கலவையில் தோய்த்தது' என்று கூடுதல் விலை சொல்பவர்களை நான் இதே கண்ணால்தான் பார்க்கிறேன்.

தோய்த்த கையோடு எடுத்த அலகு கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் அதை மறுபடி 200 டிகிரியை ஒட்டிச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். சிக்கிய கார்பனில் கொஞ்சம் நுண்துகள்களாகப் பிரிந்து இறுக்கம் தளர்கிறது. கடினத்தில் சில எண்கள் போய், அடி தாங்கும் குணம் வருகிறது. எத்தனை எண்களை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் அடுக்களைக் கத்தியும் காட்டுக் கத்தியும் பிரிகின்றன. காட்டில் கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்போம், முடிச்சில் சிக்கினால் திருகுவோம், அதுவும் உறைகுளிரில், எஃகு இன்னும் நொறுங்கும் தன்மையோடு இருக்கும்போது. 64இல் வாய் பொக்கை விழும். 58இல் சற்று மடங்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

ஆகவே வாசகருக்கு: 58 முதல் 60 வரை, பத்து சென்டிமீட்டர் அலகு, மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். நான்கு மில்லிமீட்டர் என்றால் விறைப்பு 2.4 மடங்கு, ஆனால் மரம் சீவும்போது ஆப்புபோல முட்டும். கைப்பிடிக்குள் திசைகாட்டி, முதுகில் ரம்பப் பல் என்பதெல்லாம் சினிமாவுக்கு. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்து மோரா ஊரில் செய்யும் எளிய கத்திகளில் வாயின் சரிவு அகலமாக, தட்டையாக இருக்கும். அதைக் கல்லில் படிய வைத்தாலே சாணைக் கோணம் தானாக அமைந்துவிடும். ஈரத்தில் புழங்குவதானால் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு, எண்ணெய் துடைக்கச் சோம்பல் இல்லையென்றால் கார்பன் எஃகு. எதுவானாலும் வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். கார்பன் எஃகின் வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 டிகிரியை எட்டி, பதம் போய்விட்டது. நீலம் மறையும்வரை அல்ல, அதற்கு அடியில் நல்ல எஃகு வரும்வரை கல்லில் தேய்த்தாக வேண்டும்.