மின் கையொப்பம்: எது செல்லும், எது செல்லாது?

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, செல்பேசியில் படமெடுத்து, அதைக் கோப்பின் அடியில் ஒட்டி அனுப்புவதைப் பலரும் மின் கையொப்பம் என்றே நம்புகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சொல்லும் மின் கையொப்பம் அதுவல்ல. அந்தப் படத்தை வெட்டி வேறு எந்தத் தாளிலும் ஒட்டிவிடலாமே! அதற்காக, அப்படிப் படம் ஒட்டிய ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்கிறது 10ஏ பிரிவு. ஆனால் எதிர்த்தரப்பு 'அது என் கையெழுத்தே இல்லை' என்று சாதித்தால், நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கையெழுத்துக்கு நிகராகச் சட்டம் ஏற்பவற்றில் நடைமுறையில் நாம் சந்திப்பவை இரண்டு. ஒன்று, பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். மத்திய அரசின் உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்கள்தான் இதை வழங்க முடியும். டெண்டர், கம்பெனிப் பதிவு போன்றவற்றுக்கு இதுவே கேட்கப்படுகிறது. காலாவதித் தேதி உண்டு. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

மற்றொன்று, 2015இல் வந்த ஆதார்வழி இ-சைன். டோக்கன் வேண்டாம்; ஆதாருடன் இணைத்த செல்பேசிக்கு வரும் ஓடிபி போதும். அந்த ஒரு கையொப்பத்துக்காக மட்டும் ஒரு ரகசியச் சாவி (கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடு) உருவாகி, வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. எப்போதாவது கையெழுத்திடுபவர்களுக்கு இதுவே உகந்தது என்பேன்.

இவ்விரண்டிலும் கையெழுத்திட்ட பிறகு கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கையொப்பமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சோதனை மின்கோப்பில்தான் நடக்கும். அச்செடுத்த தாளில் நடக்காது. எனவே மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பைத் திறந்ததும் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று பதற வேண்டாம். சான்றளித்தவரை உங்கள் கணினியின் பிடிஎஃப் மென்பொருள் இன்னும் நம்பகப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கையொப்பத்தின் விவரங்களைத் திறந்து, யார் சான்றளித்தது என்று பார்த்த பிறகே நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

உயிலுக்கும் அறக்கட்டளைப் பத்திரத்துக்கும் இந்த வசதி கிடையாது. சட்டத்தின் முதல் அட்டவணை அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. பேனா பிடித்துத்தான் ஆக வேண்டும். கிரயப் பத்திரத்துக்கும் மின் கையொப்பம் மட்டும் போதாது. பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் ஆடிட்டர் அலுவலகத்திலேயே விட்டுவைக்கும் பழக்கம். இது வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். பிறர் அதை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் டோக்கனில் உள்ள ரகசியச் சாவி பிறர் கைக்குப் போனதைச் சான்றளித்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு உங்களுடையதே என்கிறது 42ஆவது பிரிவு. டோக்கன் தொலைந்தால் அன்றைக்கே எழுத்துமூலம் தெரிவித்து, சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள்.