ஒரு லாட்டரி சீட்டுல எத்தனை அரசாங்கம்

நாங்க வேலந்தாவளம், கேரளா பக்கம்தான், ஆனா வீட்டுலயும் கடைவீதியிலயும் தமிழ்தான். லாட்டரி தட்டு போட்டிருக்கிற அண்ணன்கிட்ட காலையில கோயமுத்தூர் பக்கத்து ஆளுங்க வந்து நிப்பாங்க, கடைசி நம்பர் பாத்து சீட்டு எடுத்து நாலா மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு வண்டிய திருப்புவாங்க. இங்க 1967ல இருந்து லாட்டரிய நடத்துறதே அரசாங்கம், பார்டர் தாண்டினா 2003ல இருந்து விக்கவே கூடாது. நாட்டுக்கே ஒரே அரசியலமைப்புதானே, அப்புறம் எப்படி?

அதோட ஏழாவது அட்டவணையில மூணு பட்டியல் இருக்குங்க. ராணுவம், ரயில்வே, ரூபா நோட்டு எல்லாம் மத்திய பட்டியல். போலீஸ், நிலம், ஆஸ்பத்திரி மாநிலப் பட்டியல். பொதுப் பட்டியல்ல ரெண்டு பேருமே சட்டம் போடலாம், மோதிக்கிட்டா பெரும்பாலும் மத்திய சட்டம்தான் நிக்கும். கல்வியும் காடும் மாநிலத்துக்கிட்டதான் இருந்துச்சு, 1976ல 42வது திருத்தம் வந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயிருச்சு, என்னைக் கேட்டா அது மாநிலங்களுக்குப் பெரிய இழப்பு.

லாட்டரி விஷயம்தான் ரொம்ப சிக்கல். சூதாட்டம் மாநிலப் பட்டியல்ல 34வது, அப்போ லாட்டரியும் அங்கதான்னு நினைப்போம், ஆனா அரசு நடத்துற லாட்டரிய மட்டும் பிரிச்சு மத்திய பட்டியல்ல 40வதா வச்சிருக்காங்க. அத வச்சு பார்லிமென்ட் 1998ல சட்டம் போட்டுச்சு, அதுல 5வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மத்த மாநில லாட்டரிய உன் எல்லைக்குள்ள விக்கவிடாம நீ தடுத்துக்கலாம்னு மாநிலத்துக்கே அதிகாரத்தக் குடுத்துருது. ஆனா உன்னோடத நடத்திக்கிட்டு அடுத்தவங்களோடத மட்டும் தடுக்க முடியாதுன்னு 1999ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. தமிழ்நாடு தன்னோடதையும் சேர்த்தே நிறுத்துச்சு, அதனாலதான் அந்தத் தடை நிக்குது.

வரி இன்னொரு கதை. ஜிஎஸ்டி கவுன்சில்ல மத்திய அரசு ஓட்டுக்கு மூணுல ஒரு பங்கு எடை, மாநிலங்க எல்லாத்துக்கும் சேர்த்து மூணுல ரெண்டு, ஜெயிக்க முக்கால் பங்கு வேணும், அதனால மத்திய அரசு தனியாவும் முடிக்க முடியாது, மாநிலங்க எல்லாம் ஒண்ணா நின்னாலும் அவங்க இல்லாம முடியாது. அந்தக் கவுன்சில்ல முதல்முதலா ஓட்டெடுப்பு நடந்ததே 2019 டிசம்பர்ல லாட்டரி வரிக்குத்தான், அரசே நடத்துற லாட்டரிக்குக் குறைஞ்ச வரி வேணும்னு கேரளா கேட்டு தோத்துப்போச்சு, எல்லாத்துக்கும் 28 சதவீதம்னு அப்போ முடிவாச்சு.

பெட்ரோலுக்கு இந்த ஜிஎஸ்டியே கிடையாது, மத்திய அரசோட கலால் வரிக்கு மேல அவங்கவங்க மாநில வரி, அதனால சீட்டு வாங்க வர்றவங்க அந்தப் பக்கமே டேங்க்க நிரப்பிக்கிட்டு வந்துருவாங்க, அங்க லிட்டருக்கு சில ரூபா கம்மி.