மலைச்சரிவில் 'பி' மட்டும் போதாது

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சரிவில் நிறுத்திய ஆட்டோமேட்டிக் காரைத் திரும்ப எடுக்கிறீர்கள். கியர் லீவர் 'பி'யை ('பார்க்', வண்டியை நிறுத்திவைக்கும் நிலை) விட்டு வர மறுக்கிறது. அழுத்தி இழுத்தால் அடியில் 'டக்' என்ற சத்தம், வண்டியே குலுங்குகிறது. அதுவரை காரைத் தாங்கி நின்ற ஒரு சின்ன இரும்புத் துண்டு விடுபட்ட சத்தம் அது.

'பி' போடுவதால் எந்தச் சக்கரத்திலும் பிரேக் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் பல்லிடுக்கில் நாக்கு போன்ற கொக்கி ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும். கொக்கி பல்லின் முனையில் உட்கார்ந்துவிட்டால் கார் சற்று உருண்ட பிறகுதான் இடுக்கில் விழும். காலை எடுத்ததும் வண்டி கொஞ்சம் நகர்ந்து நிற்பது இதனால்தான். 1,200 கிலோ கார் பத்துக்கு ஒன்று (பத்து அடி போனால் ஒரு அடி உயரும்) சரிவில் நின்றால் கீழ்நோக்கிய இழுப்பு சுமார் 120 கிலோ; ஐந்துக்கு ஒன்றில் 235 கிலோ. அத்தனையும் அந்தக் கொக்கியில் விழுந்தால் அது இறுகிச் சிக்குகிறது, நாளடைவில் தேய்கிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் 'பி' பூட்டுவது டிஃபரன்ஷியல் வழியாக; இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு அது. முன்சக்கரம் ஒன்று ஜாக்கியில் தூக்கி நின்றாலோ சேற்றில் வழுக்கினாலோ, அது எதிர்த்திசையில் சுழல, மற்றது உருளும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நாலு பக்கமும் பிடி.

ஆகவே வரிசை முக்கியம். கால் பிரேக்கை மிதித்தபடி 'என்' (நியூட்ரல்) போடுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். காலை மெல்லத் தளர்த்தி, வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார விடுங்கள். நகர்ந்தால் இன்னும் இழுங்கள். பிறகு மறுபடி மிதித்து 'பி' போட்டு, அதன் பின் என்ஜினை அணையுங்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள கார் நீண்ட இறக்கம் இறங்கி வந்திருந்தால், சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கிப் பிடி தளரலாம். ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து வைப்பது நல்லது.

ஏஎம்டி கார்கள் (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்பவை) பலவற்றில் 'பி' கிடையாது. ஏற்றம் பார்த்து நின்றால் 'டி' (முன்னோக்கிய கியர்), இறக்கம் பார்த்து நின்றால் 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து என்ஜினை அணையுங்கள். அதுவரை பிரேக்கிலிருந்து கால் எடுக்கக் கூடாது. 'என்'னில் விட்டுப் போனால் ஹேண்ட்பிரேக் மட்டுமே காவல்.

முன்சக்கரத்தைத் திருப்பி வைப்பது கடைசிப் பாதுகாப்பு. இடப்பக்கம் நிறுத்தும்போது, இறக்கம் பார்த்து நின்றால் இடப்பக்கம் திருப்புங்கள். ஏற்றம் பார்த்து நின்று, பக்கத்தில் நடைபாதைத் திண்டும் இருந்தால் வலப்பக்கம். உருண்டாலும் டயரின் பின்பகுதி திண்டில் முட்டி நிற்கும். திண்டு இல்லையென்றால் ஏற்றத்திலும் இடப்பக்கமே. இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் சக்கரத்தைத் திருப்பாமல் விட்டால் அபராதமே உண்டு.

கிளம்பும்போது கால் பிரேக்கை மிதித்து, 'டி' போட்ட பிறகே ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், 'டக்' கேட்காது. டயருக்குக் கல் அண்டக் கொடுத்திருந்தால், எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். பனிமூட்டத்தில் பைக்கில் வருபவருக்கு அது கண்ணில் படாது.