நடுவில் உட்காருபவரின் நாடி

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, கணியம்பாடி பக்கம் பங்காளிச் சண்டை என்று பேச்செடுத்தால் கூட்டுக் கிணறு வராமல் இருக்காது. அப்பா வெட்டிய ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு மகன்கள். பாகப் பத்திரத்தில் ‘கிணற்றில் பாதி பாகம்’ என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. மல்லாட்டை (நிலக்கடலை) பூத்து விழுது இறங்குகிற வாரத்தில் தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. சண்டை பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் வெடிக்கும்.

பஞ்சாயத்து பேச வருகிறவர் மாமனாக இருக்கலாம், வார்டு மெம்பராக இருக்கலாம், பயிற்சி பெற்ற சமரசராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர் முதலில் கையாள வேண்டியது மூன்று உடம்புகளை. அதில் ஒன்று அவருடையது.

அவமானப்படுத்தும் ஒரு சொல் காதில் விழுந்ததும் மூளையின் அமிக்டலா பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரீனல் சுரப்பி நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. நாடி ஏறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. பின்னாலேயே கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வருகிறது. அது உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் புறணியின் வேலை மங்கிவிடுகிறது. கணக்குப் பார்ப்பது, பிறர் பக்கத்தை யோசிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆய்வுக்கூடத்தில் அளந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியவரிடம் பேசிப் பயனில்லை, குறைந்தது 20 நிமிடம் இடைவெளி விடுங்கள் என்கிறார். ‘பத்திரத்தைப் பாருங்க, இதுல தெளிவா கீது’ என்று அந்த நேரத்தில் நீட்டுகிற காகிதம் வீண். நல்ல ஆதாரம் பல பஞ்சாயத்துகளில் வீணாவது இப்படி அவசரப்பட்டு நீட்டுவதால்தான்.

மத்தியஸ்தரின் நாடியும் ஏறும். அண்ணன்காரர் ‘நீ அவன் கிட்ட இன்னா வாங்கின?’ என்று கேட்டால் யாருக்குத்தான் ஏறாது? உடனே செய்யக்கூடியது மூச்சு விடும் வேகத்தைக் குறைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். 4 நொடி இழுத்து 6 நொடி விட்டால் அது 6 முறையாகும். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானமாக்குகிறது, அதனால்தான் விடுகிற நேரம் நீளமாக இருக்க வேண்டும். பெருமூச்சாகச் சத்தம் போட்டு விட்டால் எதிரில் இருப்பவர் அலுப்பு என்று எடுத்துக்கொள்வார். வாயை மூடி, மூக்கால் விடுங்கள்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் போதும் என்பது தவறு. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய சோதனைகளில், உணர்ச்சியை முகத்தில் அடக்கியவர்களின் உடல் பதற்றம் தணியவில்லை. பேசப்பட்டவை நினைவில் குறைவாகவே தங்கின. எதிரே உட்கார்ந்திருந்தவரின் ரத்த அழுத்தமும் கூடியது. அடக்குவதைவிட, ‘இவர் என்னைத் திட்டவில்லை, பயிர் காய்கிற பயத்தைச் சொல்கிறார்’ என்று மனத்துக்குள் வேறு பொருள் கொடுப்பது பலன் தரும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அமிக்டலாவின் கிளர்ச்சி குறைவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழு 2007-இல் மூளை ஸ்கேனில் காட்டியது. ஆனால் ‘நீங்க கோபமா கீறீங்க’ என்று சொன்னால் குற்றச்சாட்டாகத்தான் விழும். நடந்த விஷயத்தோடு சேர்த்து, கேள்வியாகக் கேட்க வேண்டும்: ‘உங்க முறை நாள்ல கரண்ட் போயிட்ச்சி, அந்த நேரம் யாருக்குன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. அதுதான் மனசுல கீதா?’ சரியாகப் பிடித்திருந்தால் ‘ஆமா’ என்பார். தவறாகப் பிடித்திருந்தால் அவரே திருத்துவார், அதுவும் லாபமே.

டீ இடைவெளியிலும் கோளாறு நடக்கும். இரண்டு பேரும் அவரவர் ஆட்களோடு போய் நின்று அதே பேச்சைத் திரும்பப் பேசினால் 20 நிமிடம் கழித்தும் நாடி இறங்கியிருக்காது. டீயைக் கொடுத்துவிட்டு வரப்பில் ஒரு சுற்று நடக்கச் சொல்லலாம். பிறகு தனித்தனியாகப் பேசுங்கள், இருவருக்கும் ஒரே அளவு நேரம். ஒவ்வொருவரிடமும் எழுந்திருக்கும் முன் ‘இதுல எதை அவர் கிட்ட சொல்லலாம்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஒன்றைக் கசிய விட்டால் அதோடு உங்கள் வேலை முடிந்தது.

நாடி இறங்கிய பிறகு கணக்கு பேசலாம். ‘மூணு நாள் எனக்கு, மூணு நாள் உனக்கு’ என்பது மும்முனை மின்சாரம் நின்ற முதல் நாளே உடையும் ஒப்பந்தம். மோட்டார் ஓடிய மணிக்கணக்கில் எழுதுங்கள். ஓட்ட நேரம் காட்டும் மீட்டரை ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்திவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். பெட்டிச் சாவி ஆளுக்கொன்று. மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் செலவு, தூர் வாரும் செலவு, கோடையில் நீர் இறங்கினால் மணிநேரம் எப்படிக் குறையும் என்பதெல்லாம் அன்றைக்கே காகிதத்தில் ஏற வேண்டும்.

வழக்கு ஏற்கெனவே வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நடந்துகொண்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நீதிபதியே சமரசத்துக்கு அனுப்பலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் 2005-இல் தொடங்கியது. ஊர் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட சமூக மத்தியஸ்தத்தை 2023-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் அதில் எட்டும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோர முடியாது.

ஒருவர் மற்றவருக்குப் பயந்து தலையாட்டுகிறார் என்று தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அடி உதை, சாதிக் கொடுமை, கலப்புத் திருமண மிரட்டல் போன்றவை மத்தியஸ்தத்துக்கு உரியவை அல்ல, காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சொல்லியிருக்கிறது.